மேடைக்குக் குறுக்கே ஒரு சுவரா?

இந்தப் பொதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று, எங்கள் வாயை அடைக்காமல் வாய்ப்பு வழங்கும் பல் மருத்துவர் அவர்களே! பள்ளியின் பொறுப்பைத் தோளிலும் என் பேச்சை நிறுத்தும் மணியைக் கையிலும் தாங்கியிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! தீர்மானத்தைத் தாமே எழுதி, தாமே முன்மொழிந்து, என்னை மறுத்துப் பேசவும் தாமே அழைத்த பெருந்தன்மைக்குரிய பெற்றோர் சங்கச் செயலர் அவர்களே! முதல் வரிசையில் முதிர்ச்சியோடும் கடைசி வரிசையில் கடிகாரத்தோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! விடுமுறை நாளிலும் வேலை விடாத வீட்டை ஒருவாறு பூட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்களாயினும் கூட்டத்துக்கே காரணமானவர்களாகிச் சன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நிற்கும் மாணவச் செல்வங்களே! அனைவர்க்கும் என் வணக்கம்.

முதற்கண் ஒரு பிழைதிருத்தம். உங்கள் கையில் உள்ள அழைப்பிதழில் இப்பள்ளியின் நாடகக் குழு 1964இல் தொடங்கப்பட்டதாக அச்சிட்டிருக்கிறார்கள். தவறு. 1963, ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. "ஒரு வருஷம் முன்னப் பின்ன இருந்தா என்ன சார்?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். ஐயா, நான் பிறப்பு இறப்புப் பதிவாளராகப் பணியாற்றி 2007இல் ஓய்வு பெற்றவன். ஓராண்டு முன்பின்னாகப் போனால் உங்களைப் பள்ளியில் சேர்த்திருக்க மாட்டார்கள்; எனக்கு ஓய்வூதியம் வந்திருக்காது. தேதி என்பது சின்ன விஷயமல்ல. அதிலும் இன்று, 2025 ஜனவரி 19, இந்தக் குழுவின் இறப்பைப் பதிவு செய்யலாமா என்று கைதூக்கிக் கேட்கப்போகிறார்கள். இறந்ததாகச் சொல்லப்படும் ஆள் சன்னலோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பதிவாளர் கையொப்பமிடுவார்?

தீர்மானம் என்ன? மேடைக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, மேடையை இரண்டு வகுப்பறைகளாக்குவது. நாடகக் குழுவை இந்த மாதத்தோடு கலைப்பது. செயலர் சொல்லும் காரணங்கள் மூன்று. பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு நடத்த இடமில்லை. நாடகத்தால் படிப்பு கெடுகிறது. போன ஆண்டு மேடையிலே பட்ட அவமானம் போதும். மூன்றையும் நான் மதிக்கிறேன். மூன்றாவதைத் தொட்டால்தான் மற்ற இரண்டும் விளங்கும். அதைத் தொடுமுன், எதைக் கலைக்கப் போகிறோம் என்பது தெரிய வேண்டாமா?

1963இல் எங்கள் ஓவிய ஆசிரியர்தான் இதைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளி ஏது என்பீர்கள். வார நாளில் மண்டபத்தைத் தொடக்கூடாது என்று அன்றைய தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிறு. முதல் நாடகம் நவம்பர் 30, சனிக்கிழமை மாலை. அதில் அடியேனுக்கும் ஒரு பாத்திரம் உண்டு. அரண்மனைக் கதவைத் திறப்பது. மூடுவதற்கு வேறொருவன், அவ்வளவு பொறுப்பையும் ஒருவனிடமே ஒப்படைக்க ஆசிரியருக்கு மனம் வரவில்லை.

அக்காலத்தில் நாடகம் என்றால், திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்து, மறந்தவர்க்கெல்லாம் வசனத்தை எடுத்துக் கொடுப்பார். எங்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல். அந்தக் குரலில் அவர் இரகசியம் பேசினார்! அரசன் வாய் திறப்பதற்கு முன்பே அரசனின் வசனம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "யோவ், பின்னாடி இருக்கிறவர முன்னாடி வரச் சொல்லுங்கய்யா! அவருதான் நல்லா நடிக்கிறாரு!" என்று கத்தினார். மண்டபமே கைதட்டியது. உடற்பயிற்சி ஆசிரியர் திரையை விலக்கி வெளியே வந்து வணங்கினார். அரசன் அழுதுவிட்டான்.

மறுநாள் ஓவிய ஆசிரியர் அந்த முக்காலியை எடுத்துத் தோட்டக்காரரிடம் கொடுத்தார். எங்களை வட்டமாக நிற்கவைத்து அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: "இனிமே ஒளிஞ்சிருந்து காப்பாத்துற வேலை இங்க கிடையாதுடா. ஒருத்தன் மறந்தா, அவனுக்கு எதிர்ல நிக்கிறவன் காப்பாத்தணும். அதுக்கு அவன் பாடமும் உனக்குத் தெரிஞ்சிருக்கணும், உன் பாடமும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அன்று பிறந்ததுதான் எங்கள் 'எதிர்ப்பாடம்'. தன் வசனத்தோடு எதிரே நிற்பவரின் வசனத்தையும் மனப்பாடம் செய்தால்தான் மேடை ஏறலாம். மறந்தவரை மாட்டிவிடாமல், "நீ இன்னதைத்தானே சொல்ல வருகிறாய்?" என்று தன் பேச்சுக்குள்ளேயே வைத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். பார்ப்பவர்க்குத் தெரியக் கூடாது. மறந்தவர்க்கு மானம் போகக் கூடாது. வேறெந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பள்ளியில் உண்டு.

1968இல் முதன்முதலாகப் பெண்பிள்ளைகள் மேடை ஏறினார்கள். ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரின் மகளும் அவர்களில் ஒருத்தி. "பொட்டப்புள்ளைய ஆட விட்டுட்டு நான் கடையில எப்படி உட்காருவேன்?" என்று அவர் ஊரெல்லாம் கேட்டுவிட்டு, அன்று மாலை கைகளைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். இடையில் எழுந்துபோய் மகளை இழுத்துவந்துவிடுவார் என்று நாங்கள் நடுங்கினோம். நடுவிலே தளபதியாக நடித்த பையனுக்கு வசனம் மறந்தது. அந்தப் பெண் ஒரு கணமும் தயங்காமல், "தளபதியே, கோட்டையின் வடக்கு வாயில் விழுந்ததைச் சொல்லத்தானே வாயடைத்து நிற்கிறீர்?" என்றாள். தளபதி பிழைத்தான். கடிகாரக்காரர் கட்டிய கையை அவிழ்த்தார். பக்கத்து இருக்கைக்காரரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியா? பாத்தியாய்யா? எம்பொண்ணுதான் எடுத்துக் குடுத்துச்சு!" என்றார். ஒருவருக்கும் தெரியக் கூடாத இரகசியத்தை ஊருக்கே அறிவித்தவர் அவர்தான்.

எதிர்ப்பாடத்தால் கெடுதலே வந்ததில்லையா என்று கேட்டால், வந்தது. 1971, மார்ச் 6. நீதிமன்ற நாடகம். நீதிபதியாக நடித்தவர் யார் தெரியுமா? தலைவர் அவர்களே, தலையைக் குனிய வேண்டாம். ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது! குற்றவாளிக் கூண்டில் நின்றவனுக்கு வசனம் மறந்துபோயிற்று. நம் நீதிபதி எதிர்ப்பாடத்தை நன்றாகப் படித்தவர். எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் முதல் வரியை மட்டும் கொடுத்து நிறுத்தியிருக்கலாம். வேகத்தில் குற்றவாளியின் வசனம் முழுவதையும் தாமே பேசிவிட்டார். "ஐயா, நான் ஏழை, என் பிள்ளைகளை நினைத்து மன்னியுங்கள்!" என்று நீதிபதி நாற்காலியிலிருந்தே கைகூப்பினார். கூண்டிலிருந்தவனும் எதிர்ப்பாடம் படித்தவனாயிற்றே! வேறு வழி தெரியாமல் நீதிபதியின் வசனத்தைப் பிடித்துக்கொண்டான். "சட்டம் கண்ணீரைப் பார்க்காது. உனக்கு ஆயுள் தண்டனை!" என்று கூண்டிலிருந்தபடியே நீதிபதிக்குத் தீர்ப்பளித்தான். காவலர்களாக நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தீர்ப்பு தீர்ப்புதானே என்று நீதிபதியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. "நீதிபதியும் ஒருநாள் கூண்டில் நிற்க வேண்டியவரே என்ற ஆழ்ந்த கருத்து" என்று தலைமையாசிரியர் பாராட்டிப் பேசினார். ஓவிய ஆசிரியர் மட்டும் திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இருவரும் தடுமாறினார்கள், ஆனால் நாடகம் நின்றதா? நிற்கவில்லை. ஒருவன் கைவிட்டான் என்று இன்னொருவன் கைவிட்டானா? விடவில்லை. எண்பதுகளில் உடைந்த பெஞ்சுகளையெல்லாம் மேடையில் குவித்தார்கள். அப்போதும் நிற்கவில்லை, காட்டுக்குள் நடக்கும் நாடகமாக எழுதி, பெஞ்சுகளையே காடாக்கி ஆடினார்கள். 1996, நவம்பர் 23, சனிக்கிழமை மாலை, 'மதகு' என்ற நாடகம் நடந்தது. அடைத்த மதகைத் திறக்கச் சொல்லி ஓர் இளம்பெண் மதகுக் காவலாளியின் மனைவியிடம் வாதாடும் நாடகம். முதற்காட்சி முடியுமுன் மின்சாரம் போயிற்று. ஓர் அரிக்கன் விளக்கு வந்தது. நாடகம் நடந்தது.

இனி, அந்த மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன்.

பின்னாளில் நாடகத்தைப் பொறுப்பேற்று நடத்திய தமிழாசிரியை 2019, மே 31 அன்று ஓய்வு பெற்றார். அதன்பின் வந்தது ஒரு புதிய ஏற்பாடு. யாரையும் குறை சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு வந்த ஏற்பாடு. பிள்ளைகள் மறப்பார்கள், திக்குவார்கள், எதற்கு வம்பு? குரலை முன்பே பதிவு செய்துவிடுவோம். மேடையில் பிள்ளைகள் வாயசைத்தால் போதும். அழகாக இருந்தது. பிழையில்லாமல் இருந்தது. எதிர்ப்பாடத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. தன் பாடமே தேவையில்லாத இடத்தில் எதிரே நிற்பவரின் பாடம் எதற்கு?

2024, பிப்ரவரி 17. ஆண்டு விழா. அதே 'மதகு'. உங்களில் பாதிப்பேர் இங்கே இருந்தீர்கள். பதிவு பாதியில் நின்றது. அந்த இளம்பெண்ணாக நடித்த மாணவி கையை நீட்டியபடி வாயசைத்துக்கொண்டே நின்றாள். சத்தமில்லை. எதிரே நின்றவளும் வாயைத் திறந்தாள், மூடினாள். சத்தமில்லை. வந்திருந்த விருந்தினர் நாகரிகம் கருதிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையை இழுத்து மூடினார்கள்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் ஒரு பட்டப்பெயர். 'ஊமைப்படம்.' அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். "தாராளமா சொல்லுங்க தாத்தா, தெரியாதவங்க யாரு?" என்றாள். பதிவாளர் ஐயா என்று அழைக்கச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. வராந்தாவில் அவள் நடந்தால் நாலு பேர் வாயை மட்டும் அசைத்துக் காட்டுகிறார்கள். வருகைப் பதிவின்போது அவள் "உள்ளேன்" என்றால், பின்னாலிருந்து "சத்தம் வரலியே!" என்று ஒரு குரல். இந்த மார்ச்சோடு அவள் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். இன்று குழு கலைந்தால், இந்தப் பள்ளியிலிருந்து அவள் எடுத்துக்கொண்டு போவது அந்த ஒரு பெயரைத்தான்.

செயலர் இதை அவமானம் என்கிறார். நானும் அவமானம் என்றே சொல்கிறேன். ஆனால் எது அவமானம்? பேசத் தெரியாமல் நின்றதா? அவளைப் பேச வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிவந்து நிறுத்தியதா? கருவி நின்றதா அவமானம்? கருவி நின்றால் கைகொடுக்க எதிரே ஒரு குரல் இல்லாமற்போனதா? நாடகம் கெடுத்த மானத்தை நாடகத்தை மூடித்தான் காக்க வேண்டுமா? அன்று நடந்தது நாடகமே அல்ல, பெரியோர்களே! நாடகத்தை நாம் நிறுத்தி ஏறத்தாழ ஐந்தாண்டு ஆனபின் நடந்தது அது.

"அதெல்லாம் சரி, இடத்துக்கு என்ன வழி?" நல்ல கேள்வி, கேட்டவர் நீடூழி வாழ்க. மாடியின் கிழக்குக் கோடியில் உள்ள அறைகளில் அந்த எண்பதுகளின் பெஞ்சுகள்தாம் இன்னும் கால் ஒடிந்து கிடக்கின்றன. நேற்று ஏறிப் பார்த்துவிட்டே வந்தேன். பழைய மாணவர்களில் தச்சர்கள் இருக்கிறார்கள், வெள்ளையடிப்பவர்கள் இருக்கிறார்கள். வருகிற 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறோம். சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்து, கூடாததை அப்புறப்படுத்தி, அறைகளைத் துடைத்துத் தருகிறோம். சுவர் எழுப்பினால் கிடைப்பது இருட்டறை. மாடியில் சன்னல் உள்ள அறையே கிடைக்கும். சொல்லிவிட்டுப் போகிறவர்களல்லர் நாங்கள். தலைமையாசிரியை அனுமதி தந்தால் இன்றே ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போகிறோம்.

படிப்பு கெடுகிறது என்கிறீர்கள். தன் பாடத்தோடு பிறர் பாடத்தையும் படிக்கிற பிள்ளைக்கா படிப்பு கெடும்? நான் உபதேசம் செய்யவில்லை. அந்தப் பெண்ணின் தேர்வு மதிப்பெண்களைச் செயலரே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். குறையவில்லை.

என்ன சொல்கிறார் செயலர்? எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஐயா. "சமரசமா ஒண்ணு சொல்றேன் சார். ஆண்டு விழாவுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கித் தரோம். குரலப் பதிவு பண்ணிக்கங்க, இந்தத் தடவ நல்ல கருவியா நானே ஏற்பாடு பண்றேன். பிரச்சினை வராது." கைதட்டுகிறீர்கள். நல்ல மனத்தோடு சொன்னார், கைதட்ட வேண்டியதுதான். ஆனால் வேண்டாம் ஐயா. வேண்டவே வேண்டாம். பிழை வராத பத்து நிமிடம் எங்களுக்கு வேண்டாம். பிழை வந்தால் தாங்கிக்கொள்ளும் ஒரு மேடை வேண்டும். திக்கட்டும், திணறட்டும், திருத்திக்கொள்ளட்டும்! மறக்கட்டும், மீளட்டும், மீண்டும் பேசட்டும்! ஆனால் அது அவர்கள் குரலாக இருக்கட்டும். அதற்குச் சம்மதமில்லையென்றால் கலைத்துவிடுங்கள். அரைகுறையாக வைத்துக்கொண்டு நாடகக் குழு என்று பெயர்ப்பலகை மாட்டாதீர்கள்.

"பேசிக்கிட்டே இருக்கீங்களே, பிள்ளைங்களால முடியுமா?" கடைசி வரிசையிலிருந்து வந்தது அந்தக் கேள்வி. அறுபது ஆண்டாகக் கடைசி வரிசையிலிருந்துதான் சரியான கேள்வி வருகிறது!

முடியுமா? கடந்த ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் வீட்டில் 'மதகு' நாடகத்தைப் பேசிப் பார்க்கிறாள். யாரும் சொல்லவில்லை, ஒப்பனையில்லை, மேடையில்லை. அவளுக்கு எதிரே நின்று பேசுபவர் அவள் அம்மா. 1996இல் காவலாளியின் மனைவியாக நடித்தவர் அவர்தான். இப்போது மருந்துக் கடையில் பணியாற்றுகிறார். வேலை முடிந்து வந்து காய் நறுக்கிக்கொண்டே பேசுவாராம். எதிர்ப்பாடம் முழுவதும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒருநாள் மகள் ஒரு வரியை மறந்தபோது, "ஏய், மதகைப் பத்திச் சொல்லவந்தவ மூச்சு வாங்கிட்டு நிக்கிறியா?" என்று எடுத்துக் கொடுத்தாராம். அது நாடக வசனமா வீட்டு வசனமா என்று அப்பாவுக்கு விளங்காமல், "எந்த மதகு? பக்கத்துல ஏதாவது ஒடைஞ்சுபோச்சா?" என்று பதறி எழுந்து வந்தாராம்.

போன வாரம் அந்தப் பெண் என் வீட்டு வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னது இது. "தாத்தா, மூடணும்னா மூடிக்கட்டும். நான் ஒண்ணும் தகராறு பண்ணமாட்டேன். ஆனா அதே இடத்துல நின்னு, அதே வசனத்த, என் குரல்ல ஒரே ஒரு தடவ சொல்லிட்டுப் போயிடுறேன். அதுக்கு மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க."

அவள் கேட்டது ஒருமுறை. நான் கேட்பது ஒருமுறையல்ல. இந்தப் பள்ளியில் இனி வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேட்கிறேன். ஆயினும் முதல் முறை இப்போதே நடக்கட்டும்.

சன்னலோரம் நிற்கிற பெண்ணே, உள்ளே வா. வழி விடுங்கள் பெரியோர்களே, காலை மடக்குங்கள். சிரிக்கிற பையன்களும் உள்ளே வரலாம், பக்கத்திலிருந்து கேட்கலாம். மூன்றாம் வரிசையில் இருக்கும் அவள் தாயாரே, மேடைக்கு வாருங்கள். "ஐயையோ, நான் மாட்டேன் சார், எல்லாரும் பாக்கிறாங்க!" மாட்டேன் என்கிறவர் கைப்பையைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தது ஏன்? வாருங்கள் அம்மா. ஒத்திகை பார்க்கவில்லை, உடை மாற்றவில்லை, அதுவே நல்லது. தடுமாறினால் இவர் கொடுப்பார். இவர் தடுமாறினால் அவள் கொடுப்பாள். தயவுசெய்து இந்த ஒலிவாங்கியை அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று நான் கேட்கமாட்டேன். கேட்கவைப்பது அவர்கள் பாடு.

தலைவர் அவர்களே, தீர்மானத்துக்குக் கைதூக்கச் சொல்லுங்கள், தடையில்லை. ஆனால் இவர்கள் பேசி முடித்த பிறகு. ஒரு நொடியும் அதற்கு முன்னால் கூடாது. கேட்காமல் தூக்கிய கை எந்தப் பக்கம் உயர்ந்தாலும் எனக்கு வேண்டாம்.

மணியை இன்னும் அடிக்காத தலைமையாசிரியைக்கும், மறுத்துப் பேச அழைத்து மரியாதை குறையாமல் கேட்ட செயலர்க்கும், என் பேச்சைப் பொறுத்த உங்கள் காதுகளுக்கும் நன்றி. என் பேச்சு முடிந்தது; இனி மேடை உரியவர்களிடம். நான் ஓரமாக நிற்கிறேன். வணக்கம், வணக்கம்.

தொடங்கு, அம்மா.